அடுக்ககத்துப் புடவை விற்பனைக்கு நாமே கேட்டலாக் செய்வது எப்படி?

கேள்வி: தீபாவளிக்கு முன்னால் எங்கள் அடுக்ககத்தில் ரெண்டு நாள் விற்பனை நடக்கப் போகிறது. நானும் அண்ணியும் கைத்தறிப் புடவை ஸ்டால் போடுகிறோம். கண்டாங்கி, சுங்குடி, நெகமம், கோரா எல்லாம் சேர்த்து எழுபது புடவை வரை வரும். டிசைனரை வைக்கக் கட்டுப்படியாகாது. கேட்டலாக்கை நாங்களே செய்துவிட முடியுமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கேன்வாவைத் (பக்கம் வடிவமைக்கும் ஆப்) திறப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் சரக்கில் பெரும்பாலானவை ஒரு நிறத்துக்கு ஒரு புடவைதான் இருக்கும். எழுபதையும் வரிசையாகப் படமெடுத்து, பக்கத்தில் விலை போட்டு அச்சடித்தால், முதல் நாள் மதியத்துக்குள் பாதிப் புத்தகம் பொய்யாகிவிடும். "இது இருக்கா?" "இல்லீங்க, போயிருச்சு" என்ற பேச்சையே ரெண்டு நாளும் பேசிக்கொண்டிருப்பீர்கள். அதனால் மாறாததைப் புத்தகத்தில் அச்சடியுங்கள். மாறுவதைத் தனித்தாளில் வையுங்கள். எந்த ஊர்த் தறி, என்ன நூல், எத்தனை நீளம், எப்படித் துவைப்பது, பிறகு உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதெல்லாம் மாறாது. விலையும் இருப்பும் மாறும்.

இப்படிப் பிரித்துவிட்டால் புத்தகம் தானாகவே சின்னதாகிவிடும். எழுபது புடவைக்குப் பதில் நான்கு வகை. வகைக்கு ரெண்டு பக்கம் என்றால் எட்டு. முன் அட்டை, பின் அட்டை, உங்களைப் பற்றி ஒரு பக்கம், பராமரிப்புக்கு ஒரு பக்கம். மொத்தம் 12. நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும், 12 வகுபடும். ஏ4 தாளை மடித்தால் ஏ5 அளவில் நாலு பக்கம் கிடைக்கும், ஆக ஒரு பிரதிக்கு மூன்றே தாள். கைப்பைக்குள் போகிற அளவு. இதற்கு மேல் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள்.

அடுத்தது என்ன எழுதுவது என்பது. நிறையப் பேர் படத்தில் காட்டும் அக்கறையை எழுத்தில் காட்டுவதில்லை. "அழகிய வேலைப்பாடு, உயர்ந்த தரம்" என்று எழுதினால் அது எந்தப் புடவைக்கும் பொருந்தும், அதனாலேயே எதற்கும் உதவாது. ஸ்டாலில் வந்து நிற்பவர் கேட்கும் கேள்விகளுக்கான பதிலை எழுதுங்கள்: பிளவுஸ் இருக்கா, சாயம் போகுமா, கஞ்சி போடணுமா, நிஜமாவே கைத்தறிதானா?

சுங்குடியை எடுத்துக்கொள்வோம். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மதுரைச் சௌராஷ்டிரர்கள் வளர்த்த வேலை அது. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள்; முடிச்சுக்குள் சாயம் புகாத இடம்தான் புள்ளி. இன்றைக்குச் சுங்குடி என்று கடையில் விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சு வைத்துச் சாயம் போட்டது, அல்லது வெறும் அச்சு. மெழுகு அச்சும் கைவேலைதான், விலையும் குறைவு, அதை விற்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எது எது என்று புத்தகத்தில் தெளிவாக எழுத வேண்டும். கை முடிச்சுப் புடவையைத் துவைக்கும் முன் தடவிப் பார்த்தால் புள்ளி இருக்கும் இடமெல்லாம் சின்னச் சின்ன மேடாகத் தட்டுப்படும். புள்ளிகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்காது. அந்த மேடு தெரிகிற மாதிரி ஒரு கிட்டப்படம் போட்டு, கீழே "கையால் முடிச்சுப் போட்டது, முதல் சலவைக்குப் பிறகு இந்தச் சுருக்கம் விரிந்துவிடும்" என்று ஒரு வரி. பக்கத்திலேயே மெழுகு அச்சின் படம், "மெழுகு அச்சு" என்ற பெயருடன். இந்த ரெண்டு படமும் வாங்குபவருக்குக் கற்றுக்கொடுப்பதை ஒரு பக்க விளம்பரம் கொடுக்காது. விலை வித்தியாசத்துக்கு நீங்கள் தனியாக விளக்கமும் சொல்ல வேண்டியிருக்காது.

கண்டாங்கிக்கு அகலத்தை மறக்காமல் போடுங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய பாணிக் கண்டாங்கி அகலம் குறைவு, கட்டினால் கணுக்காலுக்கு மேலே நிற்கும். இப்போது முழு அகலத்திலும் நெய்கிறார்கள். உங்களிடம் இருப்பது எது என்று டேப் வைத்து அளந்து அங்குலத்தில் எழுதுங்கள். நீளமும் அப்படித்தான். பொதுவாக உடல் 5.5 மீட்டர், பிளவுஸ் துணி 80 சென்டிமீட்டர், ஆக 6.3 மீட்டர் என்று வரும். ஆனால் பிளவுஸ் இல்லாத கண்டாங்கிகளும் நிறைய உண்டு, அதை வாங்குபவர் வீட்டுக்குப் போய் விரித்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. யாராவது மடிசாருக்குக் கேட்பார்கள். 9 கெஜம் என்பது 8.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உங்களிடம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு வரி கொடுங்கள்.

நெகமம் பொள்ளாச்சிப் பக்கத்துப் பருத்தி. அதற்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. கோரா என்றால் பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது. பாவில் (நீளவாட்டு நூல்) எது, ஊடையில் (குறுக்கு நூல்) எது என்று வாங்கிய இடத்தில் கேட்டு எழுதுங்கள். "சில்க் காட்டன்" என்று மட்டும் போட்டால், வந்து கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நீங்களே திணறுவீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கைத்தறி முத்திரை, சில்க் மார்க், புவிசார் குறியீட்டுச் சின்னம் இவற்றை இணையத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். பதிவு செய்தவர்களுக்குத்தான் அவற்றைப் பயன்படுத்தும் உரிமை. புடவையிலேயே முத்திரைச் சீட்டு தைத்து வந்திருந்தால் அந்தச் சீட்டையே படம் எடுத்துப் போடலாம். "இந்த வகைக்குப் புவிசார் குறியீடு உண்டு" என்று எழுத்தில் சொல்வது வேறு, சின்னத்தை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அச்சடிப்பது வேறு.

முடிந்தால் நெய்தவர் பெயரையும் சேருங்கள். கோ-ஆப்டெக்ஸ் சில புடவைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டை வைத்தது நினைவிருக்கும். வாங்குபவர்கள் அந்த அட்டையைப் புடவையோடு பத்திரப்படுத்துகிறார்கள். நீங்கள் நேரடியாகத் தறிவீட்டில் வாங்கியிருந்தால் அவரிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும் போடுங்கள். சம்மதம் இல்லாவிட்டால் ஊர்ப் பெயர் போதும்.

இனி படம். நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். மொத்த வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் போட்டுவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். அவை பலமுறை சுருங்கி வந்தவை, திரையில் நன்றாக இருந்தாலும் அச்சில் மங்கிவிடும். அதைவிட முக்கியம், படத்தில் இருப்பது உங்கள் கையில் இருக்கும் புடவை இல்லை.

ஸ்டுடியோ விளக்கெல்லாம் தேவைப்படாது. நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல், காலை பத்து மணிக்கு மேல். அறையில் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் புடவையின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையும் ஏறும், அதை எந்த ஆப்பிலும் சரி செய்ய முடியாது. கீழே வெள்ளை வேட்டியோ சுத்தமான வெள்ளைத் தாளோ விரியுங்கள். அந்த வெள்ளை படத்திலும் வெள்ளையாகத் தெரிந்தால் புடவை நிறமும் ஏறக்குறைய சரியாக வந்திருக்கும். போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோகாமல், தள்ளி நின்று ரெண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கரை வளையாமல் நேராக நிற்கும்.

ஒரு புடவையைப் பல விதமாக மடித்து எடுக்கத் தோன்றும். எல்லாப் புடவைக்கும் ஒரே மடிப்பு, ஒரே கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: உடலும் கரையும் தெரிய மடித்து, மேலே முந்தியை விசிறியாக விரித்து ஒரு படம். கரையின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கிட்டப்படம். கரை நாலு அங்குலமா ஆறு அங்குலமா என்பது அதில் தெரிந்துவிடும். உள்பக்கத்தைத் திருப்பி ஒரு படம். துணியறிந்த பெண்கள் புடவையை முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். அதைப் புத்தகமே காட்டிவிட்டால் உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

அரக்கும் சிவப்பும் போன் கேமராவுக்குச் சிரமமான நிறங்கள். துணியின் நெசவே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக வரும். திரையில் புடவையின் உடலைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுங்கள். ஜரிகைக்கும் அதே வழி. இல்லாவிட்டால் ஜரிகை வெள்ளையாக வெளுத்துப் போகும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த புடவைகளை எப்படி எடுத்தாலும் படத்தில் ஒரு நிறம்தான் விழும். அங்கே "மயில் கழுத்து: நீலப் பாவு, பச்சை ஊடை, திருப்பினால் நிறம் மாறும்" என்று எழுதிவிடுங்கள். நிறத்துக்கு நம் ஊர்ப் பெயர்களே போதும். கத்திரிப்பூ, வாடாமல்லி, கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, மாம்பழ மஞ்சள் என்றால் போனில் கேட்பவருக்கும் கண்ணில் நிற்கும். போன் தானாகப் படத்தை மெருகேற்றும் வசதியை அணைத்துவிடுங்கள். புடவை படத்தைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தால் யாரும் கோபப்படமாட்டார்கள். படம் புடவையைவிட நன்றாக இருந்தால் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

படம் எடுக்கும்போதே எண் கொடுத்துவிடுங்கள். க-01, சு-01, நெ-01, கோ-01 என்று வகையின் முதலெழுத்தும் ரெண்டு இலக்கமும். அதே எண்ணைச் சின்ன அட்டையில் எழுதிப் புடவையின் ஓர இழையில் நூலால் கட்டுங்கள், குண்டூசி குத்த வேண்டாம். விற்ற புடவையின் எண்ணை வேறு புடவைக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள். பிறகு வரும் போன் ஆர்டர்களில் பெரிய குழப்பமாகிவிடும்.

விலைக்கு வருவோம். ஏ5 அளவில் ஒரே தாள், எண்ணும் நிறமும் விலையும் மட்டும். விற்பனைக்கு முந்தின நாள் அச்செடுத்துப் புத்தகத்துக்குள் செருகிவிடலாம், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸே போதும். மேலே தேதி இருக்கட்டும். மறுநாள் காலை, விற்றவற்றை நீக்கிப் புதுத்தாள் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து பொங்கலுக்கு ஸ்டால் போட்டால் புத்தகம் அதே புத்தகம், தாள் மட்டும் புதுசு. "விலைக்கு அணுகவும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

தீபாவளி நேரத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் வரை தள்ளுபடி இருக்கும், உங்களிடமும் "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்பார்கள். விலையை ஏற்றி அடித்துத் தள்ளுபடி போடுவதைவிட, சரியான விலையை வைத்து "ஒரே விலை" என்று தாளின் தலையிலேயே போடுவது நல்லது. அதே குடியிருப்பில் நாளைக்கும் முகம் பார்த்து வாழ வேண்டும். ஒருவருக்கு இருநூறு குறைத்தது அன்று சாயங்காலமே லிஃப்டில் பேச்சாகிவிடும். இன்னொன்று: நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர் என்றால் அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. "ஜிஎஸ்டி தனி" என்ற வரியைப் பிறரைப் பார்த்து நகலெடுத்துவிடாதீர்கள்.

பக்க அமைப்புக்கு கேன்வா போதும், லிப்ரே ஆஃபீஸும் போதும். இடது பக்கம் முழுக்க ஒரே படம். வலது பக்கம் எழுத்தும் ரெண்டு மூன்று கிட்டப்படமும். வகைக்கு வகை இதை மாற்றாதீர்கள். அச்சுக்கு ஒரு முழு ஏ5 படம் குறைந்தது 1748-க்கு 2480 பிக்சல் இருக்க வேண்டும். இன்றைய போன்களில் தாராளமாக இருக்கும், நடுவில் வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல் இருந்தால். போனிலிருந்து கணினிக்குக் கேபிளிலோ டிரைவிலோ மாற்றுங்கள். படம் தாளின் விளிம்புவரை போவதாக இருந்தால் எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுக்கொடுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாது.

தமிழ் எழுத்தில்தான் பலரும் மாட்டுவார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காடமரன் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள். விவரத்துக்கு ஒன்று, தலைப்புக்கு அதிலேயே தடித்தது, அவ்வளவு போதும். விவரத்தின் எழுத்தளவு 11 பாயின்ட்டுக்குக் கீழே போக வேண்டாம், வரிக்கு வரி இடைவெளி ஒன்றரை வையுங்கள். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வரும் எழுத்துகள் நிறைய, நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வாங்க வருபவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். அச்சகத்தில் பழைய மென்பொருள் வைத்திருந்தால் யூனிகோட் தமிழ் உடைந்துபோகும்: "நெய்தவர்" என்பதில் கொம்பு நகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் திருத்தக்கூடிய கோப்பைக் கொடுக்காமல், எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். கொடுத்த பிறகும் ஒரு பிரதி புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து கொம்பு, கால், ஸ்ரீ எல்லாம் ஒழுங்காக நிற்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

அந்தப் புரூஃபைப் புடவைக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்து நிறத்தையும் பாருங்கள். போன் திரையில் தெரியும் பளிச்சென்ற வாடாமல்லி, மை அச்சில் எப்போதும் கொஞ்சம் மங்கித்தான் வரும். ரொம்ப விலகினால் பிரகாசத்தைச் சற்றுக் கூட்டி இன்னொரு புரூஃப் எடுப்பதில் தப்பில்லை. இதற்காகவே அச்சகத்துக்கு ரெண்டு வாரம் முன்னாலேயே போய்விடுங்கள். தீபாவளி நெருங்க நெருங்க அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

ஐம்பது பிரதிக்கு ஆஃப்செட் கட்டாது. பிளேட் செலவே விழுங்கிவிடும். டிஜிட்டல் பிரிண்ட்தான் சரி. தாள் 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பர் கேளுங்கள். பளபளப்பான தாள் ஸ்டால் விளக்கில் கண்ணைக் கூசவைக்கும், நிறமே தெரியாது. ஆர்டர் சீட்டை மட்டும் சாதாரண மேப்லித்தோ தாளில் தனியாக அடித்துச் செருகுங்கள். ஆர்ட் பேப்பரில் பால் பாயின்ட் பேனா சரியாக எழுதாது, எழுதினாலும் கை பட்டால் தேய்ந்துவிடும்.

உங்கள் ஸ்டாலின் பெயரும் போன் எண்ணும் பின் அட்டையில் மட்டும் இருந்தால் பற்றாது. ஒவ்வொரு விரிப்பின் (எதிரெதிர் ரெண்டு பக்கம்) கீழும் சின்னதாகப் போடுங்கள். புத்தகத்தை முழுசாக எடுத்துப் போகிறவர்களைவிட, பிடித்த பக்கத்தைப் போனில் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அந்த ஒற்றைப் பக்கம் ஊர் தாண்டிப் போனாலும் யாருடையது என்று தெரிய வேண்டும். யுபிஐ கியூஆரைப் புத்தகத்தில் அடிக்காமல் விலைத்தாளில் அடியுங்கள். சுற்றிலும் வெள்ளை விளிம்பு விட்டு, ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல். அச்செடுத்ததும் ரெண்டு மூன்று ஆப்பில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

பராமரிப்புப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "சாயம் போகாது" என்று உறுதி கொடுக்க வேண்டாம். "முதல் ரெண்டு மூன்று சலவை தனியாக, குளிர்ந்த நீரில், நிழலில் உலர்த்தவும்" என்று எழுதலாம். ஃபால்ஸ் தைத்த புடவையும் பிளவுஸ் வெட்டிய புடவையும் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னால் வாக்குவாதமாகும், அச்சில் இருந்தால் ஆகாது.

விற்பனைக்கு மூன்று நாள் முன்னால், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அட்மினிடம் கேட்டுக்கொண்டு புத்தகத்தின் பிடிஎஃப்பையும் விலைத்தாளையும் போடுங்கள். படமாக இல்லாமல் டாக்குமெண்டாக, அஞ்சு எம்பிக்குள். உடனே "சு-04 எனக்கு எடுத்து வையுங்க" என்று வரும். அதற்கு ஒரு விதி வேண்டும்: பாதித் தொகை அனுப்பினால் முதல் நாள் மதியம் 12 மணிவரை எடுத்துவைப்போம். பணம் வராமல் எடுத்துவைத்தால் நேரில் வந்து கேட்டவரையும் இழப்பீர்கள்.

ஸ்டாலில் வருகிற எல்லோருக்கும் புத்தகத்தை நீட்டத் தேவையில்லை. மூன்று பிரதியை மேஜையில் புரட்டிப் பார்க்க வையுங்கள். மீதியைப் புடவை வாங்கியவர்கள் பைக்குள்ளும், "இந்த நிறம் போயிருச்சா, இன்னொண்ணு நெய்யச் சொல்ல முடியுமா?" என்று கேட்டவர்கள் கையிலும் கொடுங்கள். அப்படிக் கேட்டவரிடம் அங்கேயே ஆர்டர் சீட்டில் வகை, நிறம், கரை, பிளவுஸ் வேண்டுமா, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கிவிடுங்கள். தறியில் பாவு ஏற்றும் முன்னால் நெசவாளருக்கு இந்த விவரம் அத்தனையும் தேவை. பொங்கலுக்குப் புடவை வேண்டுமென்றால் தீபாவளி முடிந்த வாரமே அந்தச் சீட்டுகளோடு தறிவீட்டுக்குப் போய்விடுங்கள்.